தெரியுமா? கண்ணுக்குள் ஒரு கரைவலை!

இந்தப் பக்கத்தைப் படிக்கிற இந்த நொடியிலேயே உங்கள் ஒவ்வொரு கண்ணிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, தெரியுமா? நோயோ குறையோ இல்லை, பிறந்த எல்லோருக்கும் உள்ளதுதான்! நம்ப முடியவில்லையா? இடக் கண்ணை மூடுங்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, சுட்டுவிரல்களை நிமிர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போலப் பிடியுங்கள். வலக் கண்ணால் இடது விரலின் நுனியை மட்டும் பாருங்கள். பார்வை அசையவே கூடாது. இனி வலது விரலை மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்ததும் அந்த விரல் நுனி காணாமல் போய்விடும்! இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள், திரும்பவும் வந்து நிற்கும்.

1660களில் பிரெஞ்சு விஞ்ஞானி எட்மே மரியோட் இதைக் கண்டுபிடித்தபோது ஐரோப்பா அசந்துபோனது. கண்ணுக்குள் விழுகிற படத்தை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு, விழித்திரையில் ஓரிடத்தில் ஒன்றுகூடி வெளியேறுகிறது. அந்த இடத்தில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூட இல்லை. பார்வையின் நடுவிலிருந்து காதுப் பக்கமாக ஏறத்தாழ 15 பாகை தள்ளி இருக்கிறது இந்தக் குருட்டுப் புள்ளி. எவ்வளவு பெரிது தெரியுமா? பௌர்ணமி நிலாக்கள் பதினொன்றை அடுத்தடுத்து நிறுத்தினாலும் அந்த அகலத்துக்குள் அடங்கிவிடும் என்று கணக்குச் சொன்னார் ஜெர்மானிய மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ். அடுத்த போயா இரவில் கற்பிட்டிக் கடற்கரையில் நின்று வானத்தைப் பாருங்கள். பதினொரு நிலாக்களை விழுங்கும் ஓட்டை உங்கள் கண்ணில் இருக்கிறது. ஆனால் வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டுக்கூடத் தெரியாது!

ஏன் தெரியவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம்மவர்! 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, உலகப் புகழ் பெற்ற நரம்பியல் அறிஞர் விளையனூர் ராமச்சந்திரன். அவரும் பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் ரிச்சர்ட் கிரெகரியும் 1991இல் 'நேச்சர்' இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். திரை முழுக்கப் புள்ளிகள் மினுமினுக்கின்றன. ஒரு பக்கமாகச் சின்னதாய் ஒரு சாம்பல் சதுரம். பார்ப்பவர் வேறொரு புள்ளியையே உற்று நோக்கிக்கொண்டிருக்க வேண்டும். சில நொடிகள்தான், சதுரம் மறைந்துவிடும், அங்கேயும் புள்ளிகள் மினுமினுப்பதாகத் தோன்றும்! இனித்தான் பெரிய வியப்பு. திரையை வெறும் சாம்பல் நிறமாக மாற்றினார்கள். சதுரம் இருந்த இடத்தில் மட்டும் மினுமினுப்பு இன்னும் சில நொடி நீடித்தது! அந்தப் புள்ளிகள் திரையில் இல்லை. மூளையே உண்டாக்கியவை. வெற்றிடத்தை மூளை சும்மா விடுவதில்லை. சுற்றியுள்ளதை எடுத்து அங்கே பூசிவிடுகிறது.

சுற்றிலும் உள்ளது ஒரே சீராக இருந்தால் இந்தப் பூச்சு வேலை இன்னும் எளிது. இப்போது நம் கரையை நினைத்துப் பாருங்கள். புத்தளம் களப்பின் அசையாத நீர்ப்பரப்பு. பாலாவிப் பக்கத்து உப்பளங்களின் வெள்ளைப் பாத்திகள். நுரைச்சோலையில் காற்றாலைகளுக்குப் பின்னே விரிந்து கிடக்கும் வெறும் வானம். உடப்பில் கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். பார்வையின் ஒரு துண்டு தொலைந்து, அந்தத் துண்டு கடல்மேல் விழுந்தால் மூளை அங்கே கடலைப் பூசும், மணல்மேல் விழுந்தால் மணலைப் பூசும். குறை தெரியவே தெரியாது! நாளெல்லாம் தொடுவானத்தைப் பார்த்துத் தொழில் செய்கிற மனிதர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஏனென்றால் இந்த மறைப்பு வேலையின் நிழலிலேயே ஒரு நோய் வாழ்கிறது. கிளினிக்கில் குளுக்கோமா என்பார்கள், கண் அழுத்த நோய் என்றும் சொல்வார்கள். கண்ணின் முன்பகுதியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மைக்ரோலீற்றர் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. இது உள்ளே ஊறி, உள்ளேயே ஒரு மெல்லிய சல்லடை வழியாக வடிய வேண்டும். வடிகால் சரியில்லாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. மொத்தம் எத்தனை இழைகள் தெரியுமா? ஒரு கண்ணுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல்! செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. இன்னொரு திகைப்பும் உண்டு: சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவிலேயே இருக்கும்போதும் இந்த நரம்பு கெடுகிறது. அதனால் 'பிரஷர் பார்த்தாயிற்று, நோர்மல்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிவிட முடியாது.

2020இல் உலகம் முழுவதும் 7 கோடியே 60 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும், 2040இல் 11 கோடியைத் தாண்டும் என்று 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், தென்தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை 40 வயதைத் தாண்டிய 5150 பேரைச் சோதித்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வின்படி நூற்றில் 2.6 பேருக்குக் குளுக்கோமா. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் லிங்கம் விஜயா, ரோனி ஜோர்ஜ் குழுவினர் சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்ச் செய்த ஆய்வு 2005இல் வந்தது. அதில் நெஞ்சை உலுக்குகிற செய்தி நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் அது தமக்கு இருப்பதையே அறியாதிருந்தார்கள்!

அறியாமல் எப்படி இருப்பார்கள்? பார்வை போகிறதே, இருட்டாகத் தெரியாதா? சுவரொட்டிகளிலும் பாடநூல்களிலும் குளுக்கோமாவைக் காட்டும்போது நடுவில் ஒரு வட்டம் தெளிவாக, சுற்றிலும் கன்னங்கரேலென்று ஒரு குழாய் போலப் படம் போடுவார்கள். இலண்டனில் டேவிட் கிராப் குழுவினர் 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, 'உங்களுக்கு எது போலத் தெரிகிறது?' என்று கேட்டார்கள். 2013இல் முடிவு வந்தது. கறுப்புக் குழாய்ப் படத்தை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! பாதிக்கும் மேற்பட்டோர் சில இடங்கள் மங்கிய படத்தைக் காட்டினார்கள். சிலர் பொருள்கள் காணாமல் போன படத்தைக் காட்டினார்கள். வீதிப் படத்தில் ஒரு கார் இருக்க வேண்டிய இடத்தில் கார் இல்லாமல் வெறும் வீதி, அவ்வளவுதான். நாலில் ஒரு பங்கினர் தமக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்றே சொன்னார்கள். அந்தச் சுவரொட்டிப் படங்களைக் கழற்றிவிட வேண்டும் என்பது என் எண்ணம். இருட்டு வரட்டும், அப்போது டொக்டரிடம் போகலாம் என்று காத்திருப்பவருக்கு இருட்டு வருவதே இல்லை, கடைசிக் கட்டம் வரை!

இரண்டு கண்ணும் சேர்ந்து இந்த ஏமாற்றத்துக்குத் துணை போகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலக் கண் தொலைத்த துண்டை இடக் கண் பார்த்துக்கொடுக்கும். இரண்டிலும் ஒரே இடம் போகிற வரை நீங்கள் தையல் ஊசியில் நூல் கோப்பீர்கள், வலை பின்னுவீர்கள், சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடக் கடகடவென்று வாசித்துவிடுவீர்கள். எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டுமே சோதிக்கிறது. நம் ஒரு கண்ணின் பார்வை மூக்குப் பக்கமாகவும் மேலேயும் ஏறத்தாழ 60 பாகை, கீழே 75, காதுப் பக்கமாக 100 பாகை வரை விரிந்து கிடக்கிறது. அந்தப் பெரிய பரப்பில் எழுத்துப் பலகை தொடுவது ஒரு துளிதான்!

அப்படியானால் மூளை பூசி மறைத்த ஓட்டையை வெளியே இழுத்துப் போடுவது எப்படி? அதற்கொரு கதவு தேவைப்பட்டது. ஆம், மெய்யாகவே ஒரு கதவு! 1889இல் டென்மார்க்கின் கண் மருத்துவர் யான்னிக் பியெரும் தன் அறைக் கதவின் பின்பக்கத்தையே திரையாக்கினார். நோயாளியைக் கதவிலிருந்து தள்ளி உட்காரவைத்து, நடுவிலுள்ள புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சின்னஞ்சிறு வெள்ளைப் பொருளொன்றைக் கதவின்மேல் அங்குமிங்கும் நகர்த்தினார். மறைகிற இடம், திரும்பத் தோன்றுகிற இடம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அதற்கு முன்னும் 1856இலேயே பெர்லினில் ஃபொன் கிரேஃபே பார்வைப் பரப்பை அளந்திருந்தார். ஆனால் தள்ளி இருந்து பார்த்ததால் பியெருமின் கதவில் எல்லாமே பெரிதாக விரிந்தது. குளுக்கோமா நோயாளிகளிடம் விசித்திரமான ஓர் உருவம் அவர் கண்ணில் பட்டது. குருட்டுப் புள்ளியில் தொடங்கி, நடுப்பார்வையைத் தொடாமல் அதைச் சுற்றி வில்லாக வளைந்து ஓடும் ஒரு மறைவு!

அந்த வில்லின் வடிவத்தை உடப்பு ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. கரைவலை! கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்பவர்கள் கையில். தோணி கடலுக்குள் போய், வலையை இறக்கிக்கொண்டே அரைவட்டமாக வளைந்து, தொடங்கிய இடத்திலிருந்து தள்ளி மறுபடி கரையைத் தொடுகிறது. இரண்டு முனையும் கரையில், வளைவு முழுக்கக் கடலில். வலை ஒருபோதும் கரையைத் தாண்டி ஊருக்குள் வருவதில்லை. கண்ணுக்குள்ளும் அச்சொட்டாக இதுதான். விழித்திரையின் நரம்பிழைகள் நடுப்பார்வைக்கு மேலாகவும் கீழாகவும் வில்லாக வளைந்து ஓடுகின்றன. மேல் வில்லும் கீழ் வில்லும் சந்திக்கும் இடத்தில் படுக்கையாக ஒரு கோடு. மேலிழை அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே வராது, கீழிழை மேலே போகாது. அதனால் ஒரு கட்டு இழைகள் செத்தால், மறைவு அந்தப் படுக்கைக் கோடு வரை வந்து, கத்தியால் வெட்டியதுபோல அங்கே நின்றுவிடுகிறது. பியெருமின் நாட்டுக்காரரான ஹென்னிங் ரொன்னே 1909இல் அந்த வெட்டின் முனையைக் கண்டு எழுதினார். மூக்குப் பக்கத்தில், படுக்கைக் கோட்டுக்கு மேலே ஓர் அளவு, கீழே வேறோர் அளவு என்று படிக்கட்டைப் போல ஒரு சறுக்கல். 'மூக்குப்புறப் படி' என்று சொல்லலாம். இன்றும் பார்வைப் பரப்புச் சோதனைத் தாளில் கண் டொக்டரின் பார்வை முதலில் தேடும் இடங்களில் இது ஒன்று.

இன்னொன்றைக் கேளுங்கள். கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுகிறது. ஆகவே கீழே உள்ள நரம்பிழை செத்தால் மேலே உள்ள காட்சி போகும், மேலிழை செத்தால் கீழ்க் காட்சி போகும்! பலருக்கு மேற்பாதியில்தான் முதலில் ஓட்டை விழுகிறது. மேலே என்ன இருக்கிறது? வானம். தென்னங்கீற்று. யாருக்கு அதில் குறை தெரியும்? கீழ்ப்பாதி போனால் வாழ்க்கை உடனே இடறுகிறது. படி இறங்கும்போது கடைசிப் படி இல்லாததுபோல இருக்கும். மணலில் கிடக்கும் கயிறு, தோணியின் விளிம்பு, சந்தையில் தரையில் வைத்த மீன் கூடை, எல்லாம் காலில்தான் தெரியும். கீழ்ப்பாதிப் பார்வை போனவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. தலவில அன்னம்மாள் திருவிழா நெரிசலில் ஒரு பெரியவர் அடிக்கடி தட்டுத் தடுமாறினால் 'வயசாயிற்று' என்று சொல்லிவிடுகிறோம். வயதின்மேல் பழி போடுவதற்குமுன் கண்ணை ஒருமுறை பார்த்துவிட வேண்டாமா?

எல்லோருக்கும் வில் வடிவமே வருவதில்லை. சிலருக்கு நடுப்பார்வையை ஒட்டி ஒரு சிறு பொத்தல் மட்டும். வாசிக்கும்போது ஒரு சொல்லின் நடுவெழுத்து வழுக்கிப் போகும், கண்ணாடியை மாற்றினாலும் சரிவராது. அபூர்வமாகக் காதுப் பக்கம் ஆப்பு வைத்ததுபோல ஒரு மறைவு. நோய் முற்றினால் மேல் வில்லும் கீழ் வில்லும் கைகோத்துவிடும். நடுவில் ஒரு சிறு வட்டமும் காதோரம் ஒரு சிறு தீவும்தான் மிஞ்சும். களப்புக்குள் தீவுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பார்வையே இரண்டு தீவுகளாகச் சுருங்கிப் போவதை எண்ணிப் பார்க்கவே மனம் பதைக்கிறது.

மறைவு படுக்கையாக வெட்டி நின்றால் சந்தேகம் கண் நரம்பின்மேல். நெட்டாக, மேலிருந்து கீழே, நடுக்கோட்டில் வெட்டி நின்றால்? ஆள் மாறிவிட்டான்! அது பெரும்பாலும் மூளையிலிருந்து வருகிற சேதி. இரண்டு கண்ணிலும் காதுப் பக்கப் பாதி போயிருந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி இருக்கக்கூடும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பாதி போயிருந்தால் பக்கவாதம் வந்து போயிருக்கலாம். கண் பார்க்க வந்தவரை உடனே தலை ஸ்கானுக்கு அனுப்ப வைக்கும் சோதனை இது!

இந்த அறிவின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்க்களத்திலிருந்து. 1904-05 ரஷ்ய - ஜப்பானியப் போரில் புதுவகைத் துப்பாக்கிகளின் சிறிய, வேகமான தோட்டாக்கள் வீரர்களின் மண்டையைத் துளைத்து மறுபக்கம் வெளியேறின. பலர் பிழைத்தார்கள். தத்சுஜி இனோயே என்ற இளம் ஜப்பானியக் கண் மருத்துவர் தோட்டா நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்தார். ஒவ்வொரு வீரனின் பார்வைப் பரப்பில் எந்தத் துண்டு போயிருக்கிறது என்று வரைந்தார். இரண்டையும் பொருத்திப் பார்த்து, மூளையின் பின்பகுதியில் எந்த இடம் பார்வையின் எந்த இடத்தைக் காண்கிறது என்ற வரைபடத்தையே உருவாக்கிவிட்டார்! அது வெளியானது 1909. ரொன்னே மூக்குப்புறப் படியை எழுதிய அதே வருடம்.

கதவிலிருந்து மெஷினுக்கு வருவோம். 1945இல் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்தை அமைத்தார். முகத்தைக் கிண்ணத்தின் வாயில் வைத்தால் பார்வை முழுவதையும் அது சூழ்ந்துகொள்ளும். அதே பேர்ண் நகரில் 1970களில் ஃபிரான்ஸ் ஃபான்க்ஹவுசர் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் 'ஃபீல்ட் டெஸ்ட்' என்று எழுதி அனுப்புகிறார்களே, அது இந்த வம்சம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு கண்ணைக் கட்டிவிடுவார்கள். தாடையை வைத்து, கிண்ணத்தின் நடுவிலுள்ள சிறு விளக்கையே பார்க்க வேண்டும். அங்கங்கே ஒளிப்புள்ளி மின்னும். கண்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். புள்ளி மின்னும் நேரம் வெறும் 0.2 நொடி. ஏன் இவ்வளவு குறைவு? கண் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் புள்ளி அணைந்துவிட வேண்டும் என்பதற்காக! வழக்கமாகச் செய்யும் சோதனையில் 6 பாகை இடைவெளியில் 54 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒளியைக் கூட்டிக் குறைத்து, உங்கள் கண் காணக்கூடிய மிக மங்கலான ஒளியைத் தேடிப் பிடிக்கிறது மெஷின்.

இங்கேதான் நம் ஆட்களில் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். 'பாதி நேரம் ஒன்றுமே தெரியவில்லை மிஸ், என் கண் போய்விட்டதா?' என்று தாதியிடம் கண்கலங்குகிற வயதானவர்கள் உண்டு. அவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்: பாதி நேரம் தெரியாமல் இருப்பதுதான் சரி! உங்களால் காண முடிகிற எல்லைக் கோட்டைத் தேடுவதால் மெஷின் வேண்டுமென்றே காண முடியாத ஒளியையும் காட்டும். நல்ல கண்ணுள்ள இருபது வயது இளைஞனுக்கும் அப்படித்தான். இது பரீட்சை இல்லை, இதில் பெயிலாவது என்று ஒன்றில்லை. முதல் முறை பலருக்கும் பழக்கமில்லாமல் மோசமாகத்தான் வரும். இரண்டாவது முறை தானாகவே சீராகும். ஒரு தாளை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

மெஷினை ஏமாற்ற முடியுமா? முயன்று பாருங்கள்! நடுவிளக்கை விட்டுக் கண் அலைகிறதா என்று கண்டுபிடிக்க அது என்ன செய்கிறது தெரியுமா? கட்டுரையின் தொடக்கத்தில் உங்கள் விரல் மறைந்ததே, அந்தக் குருட்டுப் புள்ளிக்குள்ளேயே ஒளியைக் காட்டுகிறது. கண் அசையாமல் இருந்தால் அது தெரியவே கூடாது. நீங்கள் பொத்தானை அழுத்திவிட்டால், கண் வேறெங்கோ போயிருந்தது என்று மெஷின் குறித்துக்கொள்ளும்! ஆர்வக் கோளாறில் சும்மா சும்மா அழுத்துபவர்களையும் பிடித்துவிடும். அவர்களுடைய தாளில் மனிதக் கண்ணால் காணவே முடியாத அளவு நல்ல பார்வை பதிவாகியிருக்கும். களைத்துத் தூங்கி வழிந்தவரின் தாள் இன்னும் அழகு. மெஷின் பரப்பின் நாலு கால்பகுதிகளிலும் ஒவ்வோர் இடமாகத் தொடங்கிப் பிறகுதான் வெளியே பரவுகிறது. தொடக்கத்தில் விழிப்பு, பிறகு அசதி. அதனால் நடுவில் நாலு வெள்ளை இதழ்களும் சுற்றிலும் கறுப்புமாக ஒரு பூவே வந்துவிடும்! அனுபவமுள்ள கண் டொக்டர் அந்தப் பூவைப் பார்த்ததும் மருந்து எழுத மாட்டார். 'தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னொரு நாள் வாங்க' என்பார். மேல் இமை தொங்கியிருந்தாலும் மேற்பாதி கறுப்பாகும். இமையை மெல்ல ஒட்டித் தூக்கிவிட்டுச் சோதித்தால் அந்தக் கறுப்பு மறைந்துவிடும்.

நேரமும் குறைந்துவிட்டது. ஒரு கண்ணுக்குக் கால் மணி நேரம்கூட இழுத்த சோதனையை, சுவீடனின் மால்மோ நகரில் பூயல் பெங்க்ட்சன், ஆந்தர்ஸ் ஹெய்ல் குழுவினர் 1990களில் பாதியாகக் குறைத்தார்கள். நீங்கள் ஓரிடத்தில் கொடுத்த பதிலை வைத்து அடுத்த இடத்தைக் கணிக்கும் கணக்கு அது. மேற்பாதியை ஐந்து வலயங்களாகப் பிரித்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கீழ்ப்பாதியின் ஐந்து வலயங்களோடு ஒப்பிடும் முறையையும் 1992இல் ஹெய்ல்தான் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து கொடுத்தார். கண்புரை இருந்தால் மேலும் கீழும் ஒன்றுபோல மங்கும். குளுக்கோமா ஒரு பாதியைத்தான் முதலில் தின்னும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இருந்தால் போதும், தாளில் எச்சரிக்கை அச்சாகிவிடும்!

இவ்வளவு கெட்டிக்கார மெஷினுக்கும் ஒரு எல்லை உண்டு. நரம்புச் செல்களில் நாலில் ஒரு பங்கு, சிலரில் மூன்றில் ஒரு பங்கு செத்த பிறகுதான் தாளில் ஓட்டை தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் டொக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து நரம்பின் தலையையும் பார்க்கிறார், விழித்திரையை ஸ்கான் செய்யவும் எழுதுகிறார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. நரம்புச் செல்களில் நூற்றுக்கு 30க்கும் மேல் நடுவிலுள்ள 8 பாகைக்குள்ளேயே குவிந்திருக்கின்றன. 6 பாகை இடைவெளி விட்டுப் பார்த்தால் அங்குள்ள சிறு பொத்தல் கண்ணியில் நழுவிவிடும். அதற்கென்று 2 பாகை இடைவெளியில் 68 இடங்களைப் பார்க்கும் தனிச் சோதனை இருக்கிறது. வாசிக்கும்போது எழுத்து நழுவுகிறது என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்கு இந்தச் சோதனையை எழுதத் தோன்றும். வெட்கப்படாமல் சொல்லுங்கள்!

போன பார்வை திரும்பாது என்றால் சோதனை எதற்கு? மிச்சத்தைக் காக்க! மால்மோவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு 2003இல் சொன்னது: கண்ணழுத்தத்தில் ஒரேயொரு மில்லிமீற்றர் (பாதரச அளவு) குறைந்தால் நோய் முன்னேறும் ஆபத்து ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து குறைகிறது. ஒரேயொரு மில்லிமீற்றர்! இரவில் ஒரு சொட்டு மருந்து விடுவதற்கு அவ்வளவு வலிமை. வலியோ எரிச்சலோ இல்லாத நோய்க்கு ஒவ்வொரு நாளும் மருந்து விடுவது சலிப்பான காரியம்தான், ஆனாலும் விடுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா? நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் குடும்பங்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். நோயாளியின் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 22. மற்றக் குடும்பங்களில் 2.3 மட்டுமே! உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் காக்கா, ராத்தா, தம்பி, தங்கச்சி எல்லோரும் 40 வயதில் ஒருமுறை கண் கிளினிக்கில் நரம்பைக் காட்டிவிடுங்கள். புழுதிக் காற்றில் கண் அரித்தால் பார்மசியில் தாமாகவே ஸ்டீரோயிட் சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுவோரும் கேளுங்கள்: அந்த மருந்து சிலருக்குக் கண்ணழுத்தத்தைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும்.

மெஷின் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில்தானே இருக்கும், கற்பிட்டி முனையிலிருந்து யார் போய் வருவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேபாளத்தில் ஒரு வழி தேடினார்கள். சாதாரண டேப்லட் ஒன்றில் ஒரு செயலியை ஏற்றி, திரையிலேயே புள்ளிகளைக் காட்டிச் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவு: ஆரம்ப நிலை ஓட்டைகளை அது தவறவிடுகிறது, நடுத்தர நிலையையும் முற்றிய நிலையையும் பிடித்துவிடுகிறது. மலைக் கிராமத்துக்குத் தூக்கிப்போன அந்தக் கருவியைப் பட்டலங்குண்டுத் தீவுக்குத் தோணியில் ஏற்றிப் போக முடியாதா என்ன! பள்ளிவாசல் மண்டபத்திலும் கோயில் மடத்திலும் கண்ணாடி முகாம் நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதுவரை ஒரு வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது. ஃபீல்ட் டெஸ்ட் எடுத்தவர்கள் அந்தத் தாள்களை ஒருபோதும் தூக்கியெறியாதீர்கள். நோய் வேகமாக ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அறிய முதல் இரண்டு வருடங்களில் ஆறு சோதனையாவது தேவை என்று 2008இல் நிபுணர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அத்தனை தாளையும் திகதி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆஸ்பத்திரி மாறினாலும் டொக்டர் மாறினாலும் கையோடு கொண்டுபோங்கள். போன முறை 6 இடங்கள் கறுத்திருந்த வில்லில் இந்த முறை 9 கறுத்திருக்கின்றனவா என்று அவர் பார்ப்பது அந்தப் பழைய தாளை வைத்துத்தான்.